எந்தத் தேதியில் போட்டீங்க?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கைமாற்று வாங்குகிறவர்கள் வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்வதில்லை. "ஒரு ரூபா வட்டி", "ரெண்டு ரூபா வட்டி" என்பதுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்று, இரண்டு என்று பொருள். கணக்கு எழுத இந்தத் தொழிற்பேட்டைக்குள் வந்த காலத்திலிருந்தே எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். மாதம் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அது அதற்குள் இருக்கிறது. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் அதில் சந்தேகம் வருவதில்லை.

அதே மனிதர்கள் முதலீட்டைப் பற்றிப் பேசும்போது காலத்தை விட்டுவிடுகிறார்கள். "நாலு லட்சத்துக்கு வாங்கினேன், முப்பத்தாறு லட்சத்துக்குப் போச்சு சார்." "பத்து லட்சம் கட்டினேன், பத்தொன்பது வந்தது." இரண்டிலும் தேதி இல்லை. "இதுல எத்தனை பர்சன்ட் வந்திருக்கும்?" என்று கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் தொகையைக் கேட்பதில்லை. எந்தத் தேதியில் போட்டீங்க, நடுவில் எப்போதெல்லாம் செலவு செய்தீங்க, எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்றுதான் கேட்கிறேன். ஈட்டுவிகிதம் என்பது இவ்வளவுதான்: போன ஒவ்வொரு ரூபாயும் தன் தேதியிலிருந்து ஒரே வட்டியில் வளர்ந்து, வந்த பணத்தோடு பைசா சுத்தமாகச் சரியாக வேண்டும். அப்படிச் சரியாக்கும் வட்டி எதுவோ அதுதான் உங்கள் முதலீடு ஈட்டிய விகிதம். சூத்திரம் இரண்டாம் பட்சம். தேதிகளை வரிசையாக எழுதி முடிக்கும்போதே முக்கால் கணக்கு முடிந்துவிடும்.

தேதி என்ன செய்யும் என்பதற்குத் தண்டலே போதும். அம்பத்தூர் ஓ.டி.யிலும் பூந்தமல்லியிலும் தெருவோரக் கடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,000 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்து பர்சன்ட்தானே" என்பார் பூக்கடைக்காரர். ஆனால் அவர் மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறார். 9,000 ரூபாய் முழுசாக அவரிடம் இருந்தது ஒரே ஒரு நாள். நாள்வாரியாகப் போட்டால் நாளுக்கு 0.21 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மாதத்துக்கு ஆறு ரூபாய் நாற்பது காசு வட்டி, ஆண்டுக்கு 77 சதவீதத்துக்கு மேல். கட்டியதைத் தண்டல்காரர்கள் அன்றே அடுத்த கடைக்குக் கொடுத்துச் சுழற்றுவதால், கொடுப்பவர் பக்கம் கூட்டுவட்டியில் பார்த்தால் நூறையும் தாண்டும்.

தண்டல் ஒருவழிக் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது, வெகுகாலம் என்னை உட்கார வைத்தது, ஏலச்சீட்டு. ஒரே சீட்டுக்குள் சேமிப்பவரும் கடன் வாங்குபவரும் இருக்கிறார்கள். யார் எவர் என்பதை அவர்கள் எடுக்கும் மாதம்தான் தீர்மானிக்கிறது.

ஆவடி, அம்பத்தூர், பாடி வட்டாரத்துச் சீட்டு சம்பளத் தேதியை ஒட்டி நடப்பது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலைகளில் 7ஆம் தேதிக்குள்ளும் மற்றவற்றில் 10ஆம் தேதிக்குள்ளும் சம்பளம் தர வேண்டும் என்றது. அதற்கேற்ப ஏலமும் பத்தாம் தேதியைச் சுற்றியே அமையும். இங்கே வழக்கமாக நடப்பது போன்ற ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 5,000. சீட்டுத் தொகை 1,00,000. நடத்துபவருக்கு மாதம் 5,000 கமிஷன். முதல் ஐந்து மாதமும் அவசரக்காரர்கள் ஏலத்தில் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுக்கிறார்கள். பிறகு தள்ளுபடி மெல்ல இறங்குகிறது: பத்தாம் மாதம் 22,000, பதினைந்தாம் மாதம் 13,000, கடைசி மாதம் கமிஷனுக்கான 5,000 மட்டும். தள்ளியதில் கமிஷன் போக மீதியை இருபது பேருக்கும் பிரித்துக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே தொடக்கத்தில் ஒருவர் கட்டுவது 3,750. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசி மாதம் 5,000 ஆகிறது. நான் போட்ட இறங்குவரிசைப்படி இருபது மாதமும் சேர்ந்து 85,050.

கடைசியில் எடுப்பவருக்கு 95,000 வருகிறது. 9,950 லாபம். இதை 85,050ஆல் வகுத்து, "இருபது மாசத்துக்குப் பதினொன்றரை பர்சன்ட், வருஷத்துக்கு ஏழுதான் வருது, பேங்க்கிலேயே போட்டிருக்கலாம்" என்று சொல்லிச் சீட்டை விட்டவர்களை நான் அறிவேன். அவர்கள் 85,050 ரூபாயையும் முதல் நாளே கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முதல் மாதம் கட்டிய 3,750 மட்டும்தான் 19 மாதம் வெளியே இருந்தது. அதை 19ஆல் பெருக்கினால் 71,250 ரூபாய்-மாதம். இரண்டாம் மாதத்துப் பணம் 18 மாதம். கடைசி மாதத்துப் பணம் ஒரு நாள்கூட வெளியே இல்லை. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 7,58,950 ரூபாய்-மாதம் வரும். லாபத்தை அதால் வகுத்தால் மாதத்துக்கு 1.31. வட்டிக்கு வட்டியும் சேர்த்துத் திருத்தினால் 1.22. ஆண்டுக்கு 14.6 சதவீதம். ஏழு என்று நினைத்தது அதைப் போல் இருமடங்காக நிற்கிறது.

இந்த ரூபாய்-மாதப் பெருக்கலை விட்டுவிடாதீர்கள் என்று என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் விடாமல் சொல்கிறேன். பழைய வங்கிக் குமாஸ்தாக்கள் நிலுவையை நாள்களால் பெருக்கி வட்டி கண்டது இதே முறையில்தான். காகிதமும் பென்சிலும் போதும். விடை துல்லியமாக இராது, ஆனால் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பக்கத்தில் வந்துவிட்டால் கணினி தவறாகச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது முதல் மாதமே எடுத்தவரைப் பாருங்கள். 30,000 தள்ளி 70,000 வாங்கினார். அன்றைய தவணை 3,750 போக அவர் கையில் நின்றது 66,250. அடுத்த 19 மாதத்தில் 81,300 கட்டுகிறார். "முப்பது பர்சன்ட் நட்டம்" என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்பார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மாதம் 2 சதவீதம் என்று வைத்து அந்த 19 தவணைகளையும் முதல் மாதத்துக்கு இழுத்தால் 66,374 வருகிறது. நமக்கு வேண்டியது 66,250. மயிரிழை ஏற்றினால் போதும், 2.02இல் சரியாகிவிடும். எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரெண்டு ரூபா வட்டியேதான். பிணையாக நகையோ பத்திரமோ இல்லாமல், தெரிந்தவர்கள் நடுவே, ரெண்டு ரூபா வட்டிக்கு 66,000 கிடைத்திருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது நடுவில் எடுப்பவரைத்தான், அதுவும் அவர் நன்மைக்காக. பத்தாம் மாதம் 22,000 தள்ளி 78,000 எடுத்தவரின் கணக்கைப் போடுங்கள். ஒன்பது மாதம் பணம் போகிறது, பத்தாவதில் வருகிறது, பிறகு பத்து மாதம் மறுபடி போகிறது. எந்த வட்டியை வைத்துப் பார்த்தாலும் அவர் கட்டியதன் மதிப்பு 78,000க்குக் கீழே இறங்குவதே இல்லை. அதாவது இந்த வரிசைக்கு ஈட்டுவிகிதம் என்று ஒன்று கிடையாது. எக்செலில் போட்டால் பிழை என்று காட்டும். மென்பொருளில் கோளாறு என்று பலரும் நினைக்கிறார்கள். கோளாறு கேள்வியில் இருக்கிறது. அவர் பாதிக் காலம் சேமிப்பவர், பாதிக் காலம் கடனாளி. இரண்டையும் ஒரே விகிதத்தில் அடைக்க முடியாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அவர் கட்டிய 38,700 வங்கியில் மாதம் அரை சதவீதத்தில் வளர்ந்திருந்தால் பத்தாம் மாதம் ஏறக்குறைய 39,570 ஆகியிருக்கும். அது அவருடைய சொந்தப் பணம். அப்படியானால் கடனாக எடுத்தது 38,430தான். அதற்குப் பத்து மாதத்தில் கட்டுவது 46,350. மாதம் ஏறக்குறைய மூன்றரை ரூபாய் வட்டி! முப்பதாயிரம் தள்ளி முதலில் எடுத்தவருக்கு இரண்டு, இருபத்திரண்டாயிரம் தள்ளி நடுவில் எடுத்தவருக்கு மூன்றரை. முதல் முறை இந்த விடை வந்தபோது நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தள்ளுபடியின் அளவு கண்ணுக்குத் தெரிகிறது, அது எத்தனை மாதக் கடனுக்கு என்பது தெரிவதில்லை. மீதமுள்ள மாதங்கள் குறையும் வேகத்துக்குத் தள்ளுபடியும் குறைந்தால்தான் நடுவில் எடுப்பது தகும். ஏலத்தில் கை தூக்குவதற்கு முன் மீதி எத்தனை தவணை என்று எண்ணுங்கள்.

கடைசி ஆள் வாங்கிய 1.22க்கும் ஒரு விலை உண்டு. எடுத்தவர்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள், நடத்துபவர் ஊரைவிட்டுப் போகமாட்டார் என்று அவர் இருபது மாதம் நம்புகிறார். 1982ஆம் ஆண்டின் மத்தியச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைத் தொடங்கும் முன் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும், நடத்துபவர் பதிவாளரிடம் பிணை வைக்க வேண்டும். 5 சதவீதமாக இருந்த கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 7 ஆனது. பதியாத சீட்டில் இந்தப் பிணை இல்லை. அதனால் பதிந்த சீட்டின் 1.1ஐ, பதியாத சீட்டின் 1.3ஐவிட நான் மேலாக மதிக்கிறேன். விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால் கணக்கே எச்சரிக்கும். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியதாக ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. மாதம் 25 என்பதை ஓராண்டுக்குக் கூட்டுவட்டியில் ஓட்டினால் ஒரு லட்சம் பதினான்கரை லட்சம் ஆக வேண்டும். எந்தப் பட்டறை, எந்த வியாபாரம் அதை ஈட்டும் என்று ஒரு நிமிடம் யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் பல குடும்பங்களின் சேமிப்பு தப்பியிருக்கும்.

விகிதத்தை நேரடியாகக் கண்டுபிடிக்க வழியில்லை, ஊகித்து ஊகித்துத்தான் நெருங்க வேண்டும் என்பது இந்தக் கணக்கின் அழகு. ஒன்றை வைத்துப் பார்ப்போம், அதிகமாக வந்தால் இன்னொன்று, பிறகு இரண்டுக்கும் நடுவே. கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு லாக் போட்டுச் செய்த காலத்திலும் அதேதான், இன்று எக்செலின் எக்ஸ்ஐஆர்ஆர் என்ற சார்பு உள்ளே செய்வதும் அதேதான். அது 10 சதவீதம் என்று ஊகித்துத் தொடங்கி நகர்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1930இலும், பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936இலும் இந்த விகிதத்துக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டி எழுதினார்கள். இரட்டிப்பாகும் காலத்தை 72ஐ விகிதத்தால் வகுத்துக் காணும் குறுக்குவழி இன்னும் பழையது. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலியின் 1494ஆம் ஆண்டு நூலிலேயே இருக்கிறது. தபால் அலுவலகத்துக் கிசான் விகாஸ் பத்திரத்தில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் வட்டி 7.5 ஆனபோது பணம் இரட்டிப்பாகும் காலம் 115 மாதம் என்று அறிவித்தார்கள். 72ஐ 7.5ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு, அதாவது 115.2 மாதம். ஐந்நூறு ஆண்டுப் பழைய மனக்கணக்கு அரசாணையோடு இப்படி ஒத்துப்போவதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி பொங்குகிறது.

காப்பீட்டுச் சேமிப்புத் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்டுக்கு 50,000 வீதம் 20 ஆண்டு, முடிவில் 19 லட்சம் என்றால் விகிதம் 5.8. ஆயுள்காப்புக்கான விலை அதற்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் போதும்.

மனை விஷயம் அப்படி இல்லை. ஆவடியைத் தாண்டி பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் அரை கிரவுண்டு வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். உழைத்துச் சேர்த்த பெருமை அது, மதிக்க வேண்டியதுதான். 2005இல் 4 லட்சம், 2023இல் 36 லட்சம் என்று வையுங்கள். ஒன்பது மடங்கு. 18 ஆண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 13 சதவீதம், நல்ல ஈட்டம். ஆனால் அந்த வரிசையில் இன்னும் சில தேதிகள் விடுபட்டிருக்கின்றன. வாங்கியபோது முத்திரைத்தாள், பதிவு, எழுத்துக்கூலி என்று 50,000. 2011இல் மண் கொட்டி மேடாக்கி மதில் எழுப்ப ஒன்றரை லட்சம். மழைக்குத் தண்ணீர் நிற்கும் இடங்களில் இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது, ஆனாலும் யாரும் இதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. விற்றபோது தரகு இரண்டு சதவீதம், 72,000. பிறகு மூலதன ஆதாய வரி. அப்போதைய விதிப்படி, பணவீக்கக் குறியீட்டை வைத்து அசலை உயர்த்திக்கொள்ளலாம். 2005-06க்குக் குறியீடு 117, 2011-12க்கு 184, 2023-24க்கு 348. அப்படி உயர்த்திய அசல் 16.22 லட்சம். மீதி ஆதாயத்துக்கு 20 சதவீத வரியும் அதன்மேல் கூடுதல் வரியும் சேர்த்து நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கைக்கு நின்றது 31.3 லட்சம். இந்தத் தேதிகளோடு போட்டால் 13 இல்லை, 10.3.

இரண்டே முக்கால்தானே குறைந்தது என்று தோன்றும். 18 ஆண்டில் அது சின்ன எண் இல்லை. அதே சமயம், வரியும் மதிலும் கழித்துப் பத்துக்கு மேல் நின்றது என்றால் அந்த மனை நன்றாகவே உழைத்திருக்கிறது என்பதையும் நான் அழுத்திச் சொல்வேன். 2024 ஜூலை 23 முதல் விற்றவர்களுக்கு விதி மாறிவிட்டது. அதற்கு முன் வாங்கிய இடம் என்றால், குறியீடு இல்லாத 12.5 சதவீதமா, பழைய முறையா என்று இரண்டையும் போட்டுப் பார்த்து, எதில் வரி குறைவோ அதன்படி கட்டலாம். குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கொடுக்காமல் மிச்சப்பட்ட வாடகையை மாதாமாதம் வரவாக எழுத வேண்டும். அதை எழுதாமல் "சொந்த வீட்டில் லாபமே இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது.

எஸ்டேட்டுக்குத் திரும்புகிறேன், என் பிழைப்பு அங்கேதான். சின்னப் பட்டறை முதலாளி புது சிஎன்சி லேத் வாங்கும்போது கேட்பது ஒன்றைத்தான்: "எத்தனை வருஷத்துல காசை எடுக்கும்?" 25 லட்சத்து மெஷின், செலவு போக ஆண்டுக்கு 7 லட்சம் என்றால் மூன்றரை ஆண்டு. அதற்குப் பிறகு அந்த மெஷின் எவ்வளவு காலம் ஓடும் என்பதை இந்த விடை சொல்லாது. ஐந்து ஆண்டு ஓட்டி, முடிவில் 6 லட்சத்துக்கு விற்பதாக எழுதினால் 17.2 சதவீதம் வருகிறது. வங்கிக்கடனுக்கு மேல் நல்ல இடைவெளி இருக்கிறது, வாங்கலாம் என்று அங்கேயே முடித்துவிடத் தோன்றும்.

மெஷின் ஓடத் தொடங்கினால் மூலப்பொருள் வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். செய்து கொடுத்த பொருளுக்குப் பணம் வர மூன்று மாதம், நான்கு மாதம் ஆகும். அந்த இடைக்காலத்துக்கு 4 லட்சம் முடங்கிக் கிடக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் அது முழுசாகத் திரும்பி வந்தாலும், தொடக்கத் தேதியில் 25க்குப் பதில் 29 லட்சம் போனதாகத்தான் எழுத வேண்டும். எழுதினால் 17.2 சரிந்து 14.3 ஆகிறது. ஒரு பைசாகூட நட்டமில்லை, எல்லாப் பணமும் வந்துவிட்டது, ஆனாலும் விகிதத்தில் மூன்று சதவீதம் போய்விட்டது. வாடிக்கையாளரின் தாமதம் லாபநட்டக் கணக்கில் எங்கேயும் தெரியாது, தேதி வரிசையில் மட்டும்தான் தெரியும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், ஒப்பந்தம் இருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதாந்தரக் கூட்டுவட்டியாக. குறு, சிறு நிறுவனங்களுக்குக் காலத்தில் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை செலவாகக் கழித்துக்கொள்ள முடியாதபடி வருமானவரிச் சட்டத்திலும் விதி வந்துவிட்டது. ஆனாலும் பெரிய வாடிக்கையாளரிடம் சட்டத்தை நீட்டும் துணிச்சல் எல்லா முதலாளிக்கும் வருவதில்லை. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அடுத்த மாத ஆர்டர் அவர்களுக்கு வேண்டும்.

அவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பது வேறொரு சின்னக் கணக்கு. "பில்லில் ரெண்டு பர்சன்ட் குறைச்சுக்கிறேன், அறுபது நாள் முன்னாடி கொடுங்க" என்று கேட்டால் என்ன விலை? 98 ரூபாயை இரண்டு மாதம் முன்னால் வாங்குவதற்கு 2 ரூபாய். அறுபது நாளுக்கு 2.04 சதவீதம், ஆண்டுக்கு 12.4. வங்கியில் 11 சதவீதத்துக்கு ஓவர்டிராஃப்ட் வைத்திருப்பவர் இதைக் கேட்கத் தேவையில்லை, காத்திருப்பதே மலிவு. வெளியே ரெண்டு ரூபா வட்டிக்கு வாங்கி ஏழாம் தேதி சம்பளம் போடுபவர் நாளைக் காலையே போய்க் கேட்கலாம். அவர் மூன்று பர்சன்ட் குறைத்தாலும் ஆண்டுக்கு 19க்குக் கீழேதான் வரும், அவர் இப்போது கட்டிக்கொண்டிருப்பது 24.